முதுகில் காற்று, மணிக்கட்டில் கணக்கு

1950களில் ஸ்கூபா சிலிண்டருடன் கடலில் இறங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு, காற்று தீரப்போகிறது என்று சொல்ல எந்த மீட்டரும் கிடையாது. மூச்சுதான் சொல்லும். இழுக்க இழுக்க இறுகும், பிறகு இழுத்தாலும் வராது. அந்த நொடியில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சிலிண்டரின் ஓரத்தில் தொங்கும் கம்பியைத் தடவிப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். வால்வுக்குள் இருக்கும் சுருள்வில்லின் தடை நீங்கி, அதுவரை அடைபட்டிருந்த கடைசிக் காற்று வாய்க்கு வரும். 20 முதல் 35 பார் அழுத்தம்தான் மிச்சமிருக்கும். மேலே போய்ச்சேர அது போதும். இந்த ஏற்பாட்டுக்கு 'ஜே வால்வு' என்று பெயர்.

படகிலிருந்து குதிக்கும்போதோ பாறையில் உரசியோ அந்தக் கம்பி முன்கூட்டியே இறங்கிவிட்டிருந்தால்? அவசரத்துக்கென வைத்த காற்றையும் சேர்த்துத்தான் அதுவரை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருப்பார். கம்பியைத் தேடும்போதுதான் அது ஏற்கெனவே இறங்கிக் கிடப்பது கைக்குத் தெரியும். இப்படி இறந்தவர்கள் உண்டு.

இன்று கடலுக்குள் மிதக்கும் ஒருவரின் மணிக்கட்டில், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றும், இருக்கும் ஆழமும், இன்னும் எத்தனை நிமிடம் அங்கே இருக்கலாம் என்பதும் ஒரே திரையில் தெரிகின்றன. இந்த மாற்றத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கருவிகள் மாறிய அதே காலத்தில், கடலுக்குள் யார் இறங்கலாம், எதற்காக இறங்குகிறார்கள், இறங்கிய பின் கையை எங்கே வைக்கிறார்கள் என்பதும் மாறியது. ஒரு டைவர் இன்று உடம்பில் மாட்டியிருக்கும் பொருள்களில் பாதிக்கு மேல், முன்னால் போன யாரோ பட்ட பாட்டிலிருந்து வந்தவை.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பிறந்த வால்வு

இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக, எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் சிறிய வால்வு ஒன்றை ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யான் உருவாக்கி வைத்திருந்தார். 1942-ன் இறுதியில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைத் தேடி வந்தார். எஞ்சினுக்குப் பதிலாக மனித நுரையீரல் கேட்கும்போது காற்று தரும் வால்வு அவருக்கு வேண்டியிருந்தது.

1943 ஜனவரியில் பாரிஸை ஒட்டிய மார்ன் ஆற்றில் முதல் சோதனை நடந்தது. கூஸ்தோ குப்புறப் படுத்து நீந்தியபோது கருவி ஒழுங்காக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு முட்டியது. வெளிமூச்சு போகும் குழாயின் வாயும், காற்று தரும் வால்வான ரெகுலேட்டரும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சிக்கல் தீர்ந்தது. அந்த ஆண்டு ஜூனில் தென் பிரான்ஸின் பாந்தோல் கடற்கரையில் கூஸ்தோவும் அவருடைய நண்பர்கள் பிலிப் தையே, ஃபிரெடெரிக் துமா ஆகியோரும் அந்த 'அக்வாலங்' கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

அதற்கு முன்பும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1860களிலேயே ரூக்கேரோல், தெனேரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கேட்டபோது காற்று தரும் கருவியைச் செய்திருந்தார்கள். ஆனால் அதிக அழுத்தத்தில் காற்றை அடைக்கும் உறுதியான சிலிண்டர் அப்போது இல்லை. 1930களில் இவ் லெ பிரியர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் கருவியில் காற்று இடைவிடாமல் ஓடியது, சீக்கிரம் தீர்ந்தது. கான்யானின் வால்வும் உறுதியான சிலிண்டரும் சேர்ந்து இந்த இரண்டுக்கும் விடை சொல்லின. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மும்மடங்கு அழுத்தம் நெஞ்சை நெருக்கும்போது, உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தால்தான் நுரையீரல் விரியும். ரெகுலேட்டர் இதைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கிறது. அதற்கான விலையும் உண்டு. மேலே மூன்று மணி நேரம் வரக்கூடிய காற்று அங்கே ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

1946-ல் அக்வாலங் விற்பனைக்கு வந்தது. வாயின் இரு பக்கமும் வளைந்து முதுகுக்குப் போகும் இரண்டு தடித்த ரப்பர் குழாய்கள் அதன் அடையாளம். பழைய படங்களில் டைவர் என்றாலே அந்தக் குழாய்கள்தான். அதற்குச் சவால் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்தது. டெட் எல்ட்ரெட் என்ற பொறியாளர் அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைத்தார். முதல் கட்டம் சிலிண்டரின் தலையில், இரண்டாவது வாயருகில், நடுவே ஒரே ஒரு மெல்லிய குழாய். 1952-ல் 'போர்பாய்ஸ்' என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய நிறுவனத்தைப் பிரெஞ்சுக்காரர்களே வாங்கிவிட்டார்கள். இன்று உலகெங்கும் டைவர்கள் வாயில் கவ்வியிருப்பது எல்ட்ரெட் வழியில் வந்த ரெகுலேட்டர்தான். கூஸ்தோவின் பெயரை எல்லோரும் அறிவார்கள், எல்ட்ரெட்டைக் கொஞ்சம் பேர்தான். இது நியாயமில்லை.

குளிருக்கு என்ன செய்தார்கள்? கம்பளிச் சட்டையும் உடம்பில் பூசிய கொழுப்பும்தான் தொடக்கத்தில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் 1951 வாக்கில் வேறு கோணத்தில் யோசித்தார். உடம்பு நனையாமல் இருக்க வேண்டியதில்லை, வெப்பம் வெளியேறாமல் இருந்தால் போதும். குமிழ்கள் அடைபட்ட நியோப்ரீன் ரப்பரில் உடை தைத்தால் அந்தக் குமிழ்களே வெப்பத்தைத் தடுக்கும். உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். முதல் காலத்து உடைகளில் உட்புறத் துணி கிடையாது. உடம்பெல்லாம் டால்கம் பவுடர் பூசிக்கொண்டுதான் நுழைய வேண்டும். இழுத்தால் கிழியும்.

திருகோணமலைக்கு வந்த அக்வாலங்

இந்தக் கருவி தமிழர் கடலுக்கு வந்து சேர அதிகக் காலம் ஆகவில்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956-ல் இலங்கைக்குக் குடிவந்ததே முக்குளிப்பதற்காகத்தான். எடையற்ற விண்வெளி அனுபவத்துக்குப் பூமியில் மிக நெருங்கியது கடலுக்குள் மிதப்பது என்று அவர் நம்பினார். அதே ஆண்டில் அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமிமலைப் பாறையின் அடிவாரக் கடலில் தேடினார்கள். 1620களில் போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் நீருக்கடியில் கிடந்தன. வில்சன் கண்டெடுத்த லிங்கம் மேலே கொண்டுவரப்பட்டது. பின்னாளில் அவர் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார்.

1961-ல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகே வில்சன் குழுவினர், மூழ்கிய கப்பலொன்றையும் மொகலாயர் காலத்து வெள்ளி ரூபாய்களையும் கண்டார்கள். இன்றைய அடிப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் மாட்டிக்கொள்ளும் கருவிகளில் பாதிகூட அன்று அவர்களிடம் இல்லை. மிதவை ஜாக்கெட் இல்லை, மாற்று வாய்ப்பகுதி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. அலை ஓயாத அந்தக் கடலில் அவர்கள் உயிருடன் திரும்பியதற்கு அனுபவமும் உடல்வலுவும் காரணம், அதிர்ஷ்டமும் காரணம்.

அசையாமல் நிற்க உதவிய ஜாக்கெட்

ஸ்கூபா வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் கடலடிப் பழக்கத்தை வேறெதையும்விட அதிகமாக மாற்றிய கருவி மிதவை ஜாக்கெட்தான்.

நியோப்ரீன் உடை மிதக்கும். அதை அமிழ்த்த இடுப்பில் ஈயக் குண்டுகள் கோத்த பெல்ட் கட்ட வேண்டும். ஆழம் கூடக்கூட உடையிலுள்ள குமிழ்கள் நசுங்கி அதன் மிதப்பு குறையும், ஈயமோ அப்படியே இருக்கும். மேல்மட்டத்தில் சரியாக இருந்த எடை 20 மீட்டரில் ஆளைக் கீழே இழுக்கும். அந்தக் கால டைவருக்கு இரண்டே வழிகள். ஓயாமல் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கக் கிடைத்தது பவளப்பாறை. முட்டிபோட்டு நின்றார்கள், ஏறி நின்றார்கள், ஒடித்தார்கள். ஒடிந்தது உயிருள்ளது என்ற எண்ணமே பலருக்கு இல்லை.

1961-ல் பிரான்ஸில் மோரிஸ் ஃபென்ஸி, கழுத்தைச் சுற்றி மாட்டும் காற்றுப்பையைக் கொண்டுவந்தார். அதற்கென்று சிறு காற்றுப்புட்டியும் இருந்தது. ஆபத்தில் மேலே தூக்கிவிடுவதுதான் அதன் முதல் வேலை. கீழே இருக்கும்போதும் அதில் கொஞ்சம் காற்றைச் சேர்த்தால் எடை சமன்படுகிறது என்பதை டைவர்கள் கண்டுகொண்டார்கள். 1971-ல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கை நுழைத்து மாட்டும் ஜாக்கெட்டை அறிமுகப்படுத்தியது. முதுகுச் சிலிண்டரிலிருந்தே ஒரு குழாய் வந்து அதில் சேரும் ஏற்பாடு பரவியதும், பொத்தானை அழுத்தினால் காற்று ஏறும், இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும் என்றாயிற்று. எந்த ஆழத்திலும் மேலும் போகாமல் கீழும் போகாமல் அந்தரத்தில் நிற்க முடிந்தது. சாதாரண மனிதர் ஒருவர் மீனைத் தொந்தரவு செய்யாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பது முதன்முறையாக எளிதானது.

அதற்கு முன்பு கடலடிக்குப் போனவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்கின் டைவர்' இதழின் முதல் வாசகர்கள் ஈட்டி மீன்பிடிப்பவர்கள்தான். கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' படம் 1956-ல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதையும், பிறகு ஆஸ்கர் விருதையும் வென்றது. அந்தப் படத்தில் மீன் வகைகளை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் டைனமைட் வைக்கிறார்கள். கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் மேலே இழுத்துப்போட்டு அடித்துக் கொல்கிறார்கள். உலகம் கைதட்டிய படம் அது. இன்று அந்தக் காட்சிகளைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அதே கூஸ்தோ 1973-ல் கடலைக் காப்பதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஒரு மனிதர் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு தூரம் மாறியதை, அவருடைய பிந்தைய புகழ்பாடல்கள் மறைத்துவிடக் கூடாது. அந்த மாற்றம்தான் அவருடைய பெரிய சாதனை.

ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் 1930களின் இறுதியிலேயே ஈட்டியோடு கேமராவையும் கையிலெடுத்தவர். ஆனால் அவர் பயன்படுத்தியது தானே வடிவமைத்த நீர்புகாப் பெட்டி. கடைக்காரர் விற்கும் கேமராவை யாரும் வாங்கிக்கொண்டு இறங்கலாம் என்ற நிலை 1963-ல் நிக்கானோஸ் வந்தபோது பரவலானது. கூஸ்தோ குழுவுக்காக ஜான் த வூட்டர்ஸ் வடிவமைத்த கேமராவின் வழி வந்தது அது. ஒரு சுருளில் 36 படங்கள், சுருள் மாற்ற மேலே வந்தாக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் காத்திருந்தார்கள். 2001-ல் நிக்கானோஸ் தயாரிப்பு நின்றது. பின்னர் உள்ளங்கையில் அடங்கும் கோப்ரோ வந்து எல்லோர் கையிலும் வீடியோவைக் கொடுத்தது.

இங்கேதான் ஒரு கவலை. ஈட்டி செய்த சேதத்தைக் கேமராவும் செய்யலாம். சிறு கடல் நத்தையைப் படமெடுக்க, பவளத்தின்மேல் முழங்கையை ஊன்றுபவர்கள் எல்லாக் கடல்களிலும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் இருக்கும் உயிரினத்தைக் குச்சியால் தள்ளி வெளியே கொண்டுவரும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2004-ல் தொடங்கிய 'கிரீன் ஃபின்ஸ்' முயற்சி, டைவிங் நிலையங்களே இந்தப் பழக்கங்களைத் தடுக்க வேண்டும் என்று விதிகள் வகுத்திருக்கிறது. ஜாக்கெட் இருந்தும் மிதக்கக் கற்காதவர் கையில் கேமரா கொடுக்கக் கூடாது என்பதே சரியான விதி.

ஒரே வாய்ப்பகுதியில் இருவர்

காற்று தீர்ந்த தோழனுக்கு என்ன செய்வது? முதல் இருபது ஆண்டுகளுக்கு விடை ஒன்றுதான். தன் வாய்ப்பகுதியைக் கழற்றி அவரிடம் தர வேண்டும். அவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இப்படி மாறி மாறி மேலே போக வேண்டும். நீச்சல்குளத்தில் இது நன்றாக நடக்கும். 25 மீட்டரில், மூச்சுக்குத் தவிக்கும் மனிதர் கையில் கிடைத்ததைத் திருப்பித் தருவாரா? பல நேரம் தரவில்லை, இருவரும் போனார்கள். 1960களில் தோன்றி 70களில் பரவிய 'ஆக்டோபஸ்' என்ற கூடுதல் வாய்ப்பகுதி இந்தச் சோதனையிலிருந்து மனிதர்களை விடுவித்தது. அதே காலத்தில் நீருக்குள் பார்க்கக்கூடிய அழுத்தமானியும் பொதுவானது. ஜே வால்வு அருங்காட்சியகப் பொருளானது. மாறி மாறி மூச்சு வாங்கும் பயிற்சியையும் பல அமைப்புகள் பாடத்திலிருந்து எடுத்துவிட்டன.

தொடக்கத்தில் அக்வாலங் வாங்க எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. கடையில் பணம் கொடுத்து வாங்கியவர் அன்று மாலையே கடலில் இறங்கலாம். 1958 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'சீ ஹண்ட்' தொடரின் நாயகன் லாயிட் பிரிட்ஜஸ் வாராவாரம் நீருக்குள் சாகசம் செய்ய, அதைப் பார்த்தவர்கள் கடைகளுக்குப் போனார்கள். அமெரிக்காவில் பயிற்சி முறையை முதலில் உருவாக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தார். அங்கே கான்ராட் லிம்பா வகுத்த பாடங்களைப் பின்பற்றி லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் 1954-ல் பொதுமக்களுக்கான பயிற்சியாளர்களைத் தயார்செய்தது. அந்த லிம்பாவே 1960-ல் பிரான்ஸில் கடலடிக் குகையொன்றுக்குள் வழிதவறி இறந்தார். பிரிட்டனில் 1953-ல் சப்-அக்வா கிளப், 1960-ல் அமெரிக்காவில் 'நௌயி', 1966-ல் 'பேடி' என அமைப்புகள் வளர்ந்தன. இன்று சான்றிதழ் அட்டையைக் காட்டாமல் நல்ல நிலையத்தில் ஒரு சிலிண்டரைக்கூட வாடகைக்கு வாங்க முடியாது.

பழைய பயிற்சி கடற்படைப் பாணியில் இருந்தது. வாரக்கணக்கில் நடக்கும். பயிற்சியாளர் திடீரென்று பின்னால் வந்து மாஸ்க்கைப் பிடுங்குவார், காற்றை அடைப்பார். தாங்கினால் தேர்ச்சி. பெண்களும் மெல்லிய உடல்வாகு கொண்டவர்களும் ஒதுங்கியதற்கு இதுவும் காரணம், ஆண்களின் அளவுக்கு மட்டுமே தைத்த உடைகளும் காரணம். இத்தனைக்கும் கூஸ்தோவின் மனைவி சிமோன் ஆரம்ப நாளிலேயே அக்வாலங்குடன் இறங்கியவர். ஸேல் பேரி என்ற அமெரிக்கப் பெண் 1954-ல் 209 அடி ஆழம் போய்ச் சாதனை படைத்தவர். இன்று அடிப்படைப் பயிற்சி மூன்று நான்கு நாள்களில் முடிகிறது. 10 வயதுச் சிறுவர்கூடச் சேரலாம். கதவு அகலமாகத் திறந்தது நல்லது. ஆனால் நாலே நாளில் அட்டை வாங்கியவர், தான் கற்கத் தொடங்கியவர் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய முரட்டுப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தது. மாஸ்க் கழன்றால் பதறாத மனம் அது. எந்த ஜாக்கெட்டும் அதைக் கொடுக்காது.

நைட்ரஜன் கணக்கு

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், கைகால் செயலிழப்பு, மரணம் வரை போகலாம். மிக ஆழத்தில் அதே நைட்ரஜன் போதையும் தரும். 1947-ல் கூஸ்தோ குழுவின் மோரிஸ் ஃபார்க் எவ்வளவு ஆழம் போக முடியும் என்று சோதிக்க இறங்கினார். கயிற்றில் ஆங்காங்கே கட்டியிருந்த பலகைகளில் கையெழுத்திட்டபடி போனவர் சுமார் 120 மீட்டரில் போட்டதுதான் கடைசிக் கையெழுத்து. மேலே இழுத்தபோது உயிரில்லை. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர் என்ற எல்லை இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருப்பது சும்மா இல்லை.

1908-ல் ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற முதல் அட்டவணையை வகுத்தார். அவர் வழியில் வந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணைகளைத்தான் பொழுதுபோக்கு டைவர்கள் பல்லாண்டு பயன்படுத்தினார்கள். 60 அடியில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம் என்று மனப்பாடம் செய்தார்கள். கையில் ஆழமானி, மணிக்கட்டில் சுழலும் வளையம் கொண்ட கடிகாரம். ரோலெக்ஸ் சப்மரைனரும் பிளாங்பேனின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் 1953-ல் இந்தத் தேவைக்காகப் பிறந்தவை. இன்று அவை கல்யாண வீடுகளில் ஜொலிக்கின்றன.

அட்டவணைகளில் இரண்டு குறைகள். ஒன்று, அவை உடற்கட்டுள்ள இளம் கடற்படை வீரர்களை வைத்துச் சோதிக்கப்பட்டவை. இரண்டு, டைவர் முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொண்டன. ஐந்து நிமிடம் 30 மீட்டரிலும் மிச்ச நேரம் 12 மீட்டரிலும் இருந்தவருக்கும் ஒரே கணக்குதான். 1959-ல் இத்தாலியில் வந்த இயந்திர மீட்டர் ஒன்று இதைத் தீர்க்கப் பார்த்து, ஆபத்தான முடிவுகளைத் தந்ததால் நம்பிக்கை இழந்தது. 1983-ல் அமெரிக்காவின் 'ஆர்கா எட்ஜ்', ஐரோப்பாவின் 'டெகோபிரெய்ன்' என்ற மின்னணுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, உடம்பின் வெவ்வேறு திசுக்களில் சேர்ந்த நைட்ரஜனைக் கணக்கிட்டு, மிச்ச நேரத்தைச் சொல்லின. சூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மான் அதே காலத்தில் வெளியிட்ட கணக்கு முறை இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குள் இருக்கிறது. பழைய பயிற்சியாளர்கள் இந்தக் கருவியைச் சந்தேகித்தார்கள். பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தாளில் கணக்கைத் தப்பாகப் போட்டவர்களும் நிறையப் பேர்.

மேலே வரும் வேகமும் பாதியானது. நிமிடத்துக்கு 18 மீட்டர் என்பது பழைய விதி. 1990களில் அது 9 மீட்டராகக் குறைந்தது. கேட்டலினா தீவில் 1970களில் ஆண்ட்ரூ பில்மானிஸ் டாப்ளர் கருவியால் இரத்தத்திலுள்ள குமிழ்களின் ஒலியைக் கேட்டு ஆராய்ந்தார். மேலே வருமுன் ஆழம் குறைந்த இடத்தில் சில நிமிடம் நின்றால் குமிழ்கள் வெகுவாகக் குறைவதைக் காட்டினார். இன்று ஒவ்வொரு டைவரும் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் தலையை வெளியே நீட்டுகிறார். ஒரு பைசா செலவில்லாத, கருவியே தேவைப்படாத இந்தப் பழக்கம் எத்தனையோ பேரை ஊனத்திலிருந்து காத்திருக்கும்.

நைட்ராக்ஸ் என்ற காற்றுக்கலவை வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் கூட்டினால் நைட்ரஜன் குறையும், அதிக நேரம் இருக்கலாம். 30 மீட்டரில் சாதாரணக் காற்றுக்குப் பிந்தைய பொழுதுபோக்கு அட்டவணை 20 நிமிடம் தந்தால், இதற்கு 30 நிமிடம் வரை தரும். ஆனால் சுமார் 34 மீட்டரைத் தாண்டினால் அந்த ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். அமெரிக்க அரசின் கடலியல் அமைப்பில் பணியாற்றிய டிக் ருட்கோவ்ஸ்கி 1985-ல் இதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 'ஸ்கின் டைவர்' இதழ் கடுமையாக எதிர்த்தது. 1991-ல் டைவிங் தொழில்துறைக் கண்காட்சியை நடத்தியவர்கள் நைட்ராக்ஸ்காரர்களுக்கு இடமில்லை என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். 1990களின் நடுவில் பேடியே அதைப் பாடமாக்கியது. இப்போது பல சுற்றுலாப் படகுகளில் பச்சை, மஞ்சள் பட்டை ஒட்டிய நைட்ராக்ஸ் சிலிண்டர்கள் வழக்கமான காட்சி.

இந்த அறிவு எல்லாக் கடலுக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் வேதனை. இலங்கையின் வட, வடமேற்குக் கடல்களில் சங்கும் கடலட்டையும் எடுக்கப் பிழைப்புக்காகச் சிலிண்டரோடு இறங்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள், கம்ப்யூட்டரும் இல்லை, ஆழ அட்டவணையும் இல்லை. நைட்ரஜன் குமிழ்களால் கால் விளங்காமல் போனவர்கள் அவர்களில் உண்டு. சுற்றுலாப் பயணிக்கு 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லிக்கொடுக்கும் உலகம், அதே கடலில் அவரைவிடப் பல மடங்கு நேரம் இருப்பவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மீன்வளத் துறைகள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை இது.

மணிக்கட்டுக்கு வந்த கணக்கு

இன்றைய கருவிகளில் புதியவை பல, பழையன திரும்பி வந்தவையும் பல. ஃபுளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் இறங்கியவர்கள் தங்கள் உயிரைக் காக்க வகுத்த முறைகள், எஃகுத் தகட்டில் கட்டிய எளிய பட்டைகள், தோழனுக்குக் கொடுக்க ஏழடி நீளக் குழாய் ஆகியவை, சாதாரணப் பவளப்பாறை டைவர்களிடமும் பரவியிருக்கின்றன. 1964-ல் வந்த ஜெட் ஃபின் என்ற கனத்த ரப்பர்த் துடுப்பை அவர்கள் மறுபடி தேடி வாங்குகிறார்கள். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 40 மீட்டர் எல்லையைத் தாண்டி அதைப் பார்க்க வருபவர்களுக்கு, குகை டைவர்கள் வகுத்த இந்த முறைகளில் பயிற்சி இல்லாமல் முடியாது.

இன்னொரு பக்கம், 2017-ல் கார்மின் நிறுவனம் டைவ் கம்ப்யூட்டரை ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது. 2022-ல் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா வந்தபோது, அதில் ஒரு செயலியைப் போட்டு 40 மீட்டர் வரை இறங்கலாம் என்றாயிற்று. சிலிண்டரில் மாட்டிய சிறு டிரான்ஸ்மிட்டர் காற்றின் அளவைக் குழாய் இல்லாமலே மணிக்கட்டுக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் எண்ணைக் காட்டும். 70 பார் வரும்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுப்பது மனிதர்தான். கண்முன் ஒரு கடலாமை போய்க்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுப்பது கடினம். 1955-லும் அது கடினமாகத்தான் இருந்தது.

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ திருகோணமலைக்கோ போய் முதல்முறை ஸ்கூபா செய்து பார்க்க நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். உடன் வருபவரின் பயிற்சியாளர் சான்றிதழ் எந்த அமைப்பினுடையது, இந்த ஆண்டு செல்லுபடியாகிறதா? ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார்? கூடுதல் வாய்ப்பகுதி இருக்கிறதா, அழுத்தமானி வேலை செய்கிறதா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? ஆஸ்துமா, இதயநோய், காது அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்கும் படிவத்தில் பொய் எழுதக் கூடாது. அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே யாராவது அழைத்தால் மறுக்க வேண்டும். காது வலித்தால் நின்று, கொஞ்சம் மேலே வர வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது.

பயணத் திட்டம் போடும்போதே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரம். அந்தமானிலிருந்து காலை விமானமென்றால், முந்தைய நாளைக் கரையில் கழிப்பதுபோலத் திட்டமிடுங்கள்.